நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவர் ஊசிக்காகக் காத்திருந்தார்

பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம் என்ற வேண்டுகோளோடு ஒரு செவிலியர் எழுதியிருக்கிறார். அறுவை சிகிச்சை வார்டில் 11 வருடப் பணி. நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கி, ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றித் தருகிறேன்.

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவர் முதல் நாள் இரவு தூக்கம் வராமல் தவித்திருக்கிறார். நைட் டூட்டியில் இருந்த நம் வாசகி அவர் அருகில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, மகளின் படிப்பைப் பற்றிய அவருடைய கவலையை முக்கால் மணி நேரம் கேட்டிருக்கிறார். அன்று வார்டில் மொத்தம் 14 நோயாளிகள். மற்றவர்களின் வேலையை அதன் பிறகு ஓடி ஓடி முடித்ததாக எழுதுகிறார். ஐந்தாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த மனிதர் கருத்துப் படிவத்தில் எழுதியது இது: “இரவு சிஸ்டர் அன்பாகப் பேசுவார். ஆனால் வலிக்கு ஊசி எப்போது என்று கேட்டால் ‘இதோ’ என்பார், வரமாட்டார். இரண்டு இரவு பயந்துகொண்டே கிடந்தேன்.” அதே படிவத்தில், வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருடமான, அதிகம் சிரிக்காத இளம் செவிலியரைப் பற்றி, “அவர் டூட்டி என்றால் நிம்மதி” என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

இன்சார்ஜ் சிஸ்டர் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறார். வாசகியின் கேள்விகள் மூன்று. “இவ்வளவு செய்தும் இப்படி எழுதுகிற நன்றிகெட்டவர்களுக்காக நான் ஏன் மனதைக் கொடுக்க வேண்டும்? இனிமேல் வேலையை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் என்ன? விளக்கத்தில், 14 பேருக்கு நான் ஒருத்தி என்று முகத்தில் அடித்தாற்போல எழுதலாமா?” புற நோயாளிகள் பிரிவுக்கு மாற்றல் கேட்டு மனுவும் எழுதி வைத்திருக்கிறார். இன்னும் கொடுக்கவில்லை.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை, வார்டில் வேலை பார்த்துப் பிறகு செவிலியர்களுக்கான ஆலோசகராக ஆனவள் என்ற முறையில் படித்தேன். முழுக்க உங்கள் பக்கம் நின்றேன். இரண்டாவது தடவை, சில வருடங்களுக்கு முன் நானே வயிற்றில் தையலோடு படுத்திருந்த நாட்களை நினைத்துக்கொண்டு படித்தேன். அப்போது அந்த மனிதர் எழுதியதும் எனக்குப் புரிந்தது.

‘நன்றிகெட்டவர்’ என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுவோம். அவர் எழுதிய முதல் வரியைக் கோபத்தில் நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். நீங்கள் அன்பாகப் பேசியதை அவர் மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை. அந்த அன்பை ஒரு பக்கமும் வராத ஊசியை இன்னொரு பக்கமும் வைத்துத் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள்தான் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, ‘என் அன்பு பொய் என்கிறார்’ என்று படித்துவிட்டீர்கள்.

அக்கறை என்றால் எது என்பதில் செவிலியர்களும் நோயாளிகளும் வேறுபடுவது உங்கள் வார்டில் புதிதாக நடந்தது இல்லை. அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் பட்ரிசியா லார்சன் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், செவிலியர் செய்யக்கூடிய 50 செயல்களைப் புற்றுநோயாளிகளிடம் கொடுத்து, உங்கள்மீது அக்கறை காட்டுகிறார்கள் என்று உணர வைப்பது எது என வரிசைப்படுத்தச் சொன்னார். முதலிடத்துக்கு வந்தது: ஊசி போடவும் டிரிப் ஏற்றவும் கருவிகளைக் கையாளவும் தெரிந்திருப்பது. அதே பட்டியலைச் செவிலியர்களிடம் கொடுத்தபோது அவர்கள் முதலில் வைத்தது நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதை. 1988-இல் மாரடைப்பு வந்து சிகிச்சையில் இருந்தவர்களிடம் குரோனின், ஹாரிசன் என்ற இருவர் கேட்டபோதும், ‘செய்யும் வேலை தெரிந்தவராக இருப்பது’ மேலே வந்தது. இப்படி வந்த பல ஆய்வுகளைச் சைப்ரஸைச் சேர்ந்த பாபாஸ்டாவ்ரூ குழு 2011-இல் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தது. இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் அங்கேயும் கிடைத்த பதில்: செவிலியர்கள் மனதைத் தொடுவதை மேலே வைக்கிறார்கள், நோயாளிகள் உடம்புக்கான கவனிப்பை மேலே வைக்கிறார்கள்.

எல்லா நோயாளிக்கும் எல்லா நாளும் இதே வரிசைதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாதக்கணக்கில் வந்து போகிறவர்களுக்கும், இனி குணமாகாது என்று தெரிந்துகொண்டவர்களுக்கும் பேச்சுத் துணையே பெரிய மருந்தாக இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் வயிற்றைத் திறந்து மூடிய முதல் மூன்று நாள் வேறு. எழுந்திருக்க முடியாது. கையில் மருந்து ஏற்றச் செருகிய கான்யூலா, பக்கத்தில் காயத்து நீரை வடிக்கும் டிரெயின் குழாய். இருமினால் தையல் பிய்ந்துவிடுமோ என்ற பயம். அந்த நிலையில் இருக்கும் ஒருவர் தன்னைப் பார்க்க வருகிறவரின் முகத்துக்கு முன்னால் கையைத்தான் பார்க்கிறார். இந்தக் கைக்கு வேலை தெரியுமா? சொன்ன நேரத்துக்கு வருமா?

நான் படுத்திருந்தபோது இரவெல்லாம் மருந்து டிராலியின் சக்கரச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடந்தேன். சத்தம் நெருங்கினால் நெஞ்சு லேசாகும். என் பெட்டுக்கு வராமல் வேறு பக்கம் திரும்பினால் அழுகை வரும். அத்தனை வருடம் அதே டிராலியைத் தள்ளியவள் நான், அந்தச் சத்தத்துக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அங்கே ஒரு செவிலியர், “பத்தரைக்கு வருவேன்” என்று சொல்லிவிட்டுப் போவார், பத்தரைக்கு வருவார். அவர் முகம் இன்று எனக்கு ஞாபகமில்லை. அந்தப் பத்தரை ஞாபகமிருக்கிறது.

‘இதோ’ என்ற சொல்

உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் இந்தச் சொல்தான். நாம் எல்லாருமே சொல்வது. நம் வாயில் அதற்கு ‘நீங்கள் கேட்டது காதில் விழுந்தது, கையில் இருப்பதை முடித்துவிட்டு வருகிறேன்’ என்று பொருள். படுத்திருப்பவர் காதில் அது ‘இப்போது’ என்று விழுகிறது. அவருக்கு முன்னால் கடிகாரத்தைத் தவிர வேறு வேலை இல்லை. ஐந்து நிமிடம் போனதும் மறந்துவிட்டாரோ என்று தோன்றும். பதினைந்து நிமிடத்தில், திரும்பக் கூப்பிட்டால் கோபப்படுவாரோ என்று தோன்றும். அரை மணியில் பயம் வந்து உட்கார்ந்துவிடும். தெரியாமையும் காத்திருப்பும் அடுத்து என்ன வருமோ என்ற அச்சமும் உடல் உழைப்பைவிட நோயாளிக்கு அதிகக் கெடுதல் செய்யும் என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்.

ஆகவே ‘இதோ’வுக்குப் பதில் ஒரு நேரம் சொல்லுங்கள். உண்மையான நேரம். “ஆறாம் பெட்டில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, அதை விட்டு நகர முடியாது, இருபது நிமிடம் ஆகும்” என்று சொன்னால் அவர் இருபது நிமிடம் தாங்குவார். மருந்துக்கு இன்னும் நேரம் வரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்: “அடுத்த டோஸ் 2 மணிக்கு. அதற்கு முன்னால் போடக்கூடாது. அதுவரை தாங்க முடியாவிட்டால் சொல்லுங்கள், டூட்டி டாக்டரிடம் வேறு மருந்து கேட்கிறேன்.” இதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

வலியைக் கேட்கும் விதத்திலும் ஒன்று உண்டு. அசையாமல் படுத்திருப்பவரிடம் “வலி இருக்கிறதா” என்றால் பத்துக்கு இரண்டு என்பார். “இருமும்போது, புரண்டு படுக்கும்போது எப்படி?” என்று கேளுங்கள், அதே ஆள் எட்டு என்பார். வயிற்று அறுவைக்குப் பிறகு வலிக்குப் பயந்து இருமாமல், மூச்சை ஆழமாக இழுக்காமல் கிடந்தால் சளி தேங்கி நிமோனியா வரை போகும் என்பது உங்களுக்குத் தெரியாததா? வலி மருந்தை நேரத்துக்குக் கொடுப்பதும், கொடுத்த பிறகு திரும்பி வந்து “குறைந்ததா?” என்று கேட்பதும் சிகிச்சையில் சேர்ந்தவை. நரம்பு வழி கொடுத்தால் அரை மணிக்குள், மாத்திரை என்றால் ஒரு மணி கழித்து அந்த ஒரு கேள்விக்காக மட்டும் நீங்கள் திரும்பி வந்தால், அந்த வருகையை அவர் மறக்கமாட்டார்.

உங்கள் இளம் தோழியைப் பற்றி, “அவள் இயந்திரம் மாதிரி, ஒவ்வொரு பெட்டிலும் நின்று அடுத்து என்ன, எத்தனை மணிக்கு என்று ஒப்பித்துவிட்டுப் போவாள்” என்று கொஞ்சம் எரிச்சலோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒப்பித்தலைத்தான் நோயாளி நிம்மதி என்கிறார். மருந்து எடுக்கும்போது அந்தப் பெண் யாரோடும் பேசமாட்டார் என்பதையும் குறையாகச் சொல்கிறீர்கள். சிட்னியின் இரண்டு மருத்துவமனைகளில் மருந்து கொடுக்கும் செவிலியர்களை நேரில் கவனித்துச் செய்த ஆய்வு 2010-இல் வந்தது. வேலைக்கு நடுவே ஒவ்வொரு தடவை குறுக்கீடு வரும்போதும் மருந்துப் பிழைகள் ஏறத்தாழ 12 சதவீதம் கூடியதாக அதில் கண்டார்கள். அந்தப் பெண்ணின் மௌனத்துக்குள்ளும் நோயாளி மீது அக்கறை இருக்கிறது. “மருந்து எண்ணும்போது பேசமாட்டேன், முடித்துவிட்டு வந்து கேட்கிறேன்” என்ற ஒரு வரியை அவருக்கு நீங்கள் சொல்லிக் கொடுக்கலாம். கேட்டுக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன்.

வேலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாமா?

வேண்டாம். அதில் நோயாளிக்கும் நஷ்டம், உங்களுக்கும் நஷ்டம். இசபெல் மென்சீஸ் லித் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டன் மருத்துவமனை ஒன்றின் செவிலியர்களைப் பற்றி 1960-இல் ஒரு ஆய்வு எழுதினார். நோயாளியின் வேதனை தங்களைத் தாக்காமல் இருப்பதற்காக வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்வதையும், ஆளைப் பெயர் சொல்லாமல் பெட் எண்ணையும் உறுப்பையும் சொல்லிக் குறிப்பிடுவதையும் அவர் விவரித்தார். அப்படி விலகி நின்றதால் அவர்களின் மனச்சுமை குறையவில்லை. வேலையில் கிடைக்கிற நிறைவுதான் போனது. பயிற்சிச் செவிலியர்கள் பலர் படிப்பையே பாதியில் விட்டுப் போனார்கள். நீங்கள் இப்போது கோபத்தில் எடுக்க நினைக்கும் முடிவு அங்கேதான் கொண்டுபோய் விடும்.

மகளைப் பற்றி அவர் பேசியதை நீங்கள் கேட்டது வீண் போகவில்லை. வரிசைதான் தவறிவிட்டது. முதலில் வலி எவ்வளவு என்று கேட்டு, மருந்தைக் கொடுத்து, அடுத்த டோஸ் எப்போது என்று சொல்லி, பெல் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்து, அதன் பிறகு உட்கார்ந்திருந்தால் அதே பேச்சு அவர் மனதில் வேறு விதமாகத் தங்கியிருக்கும். வலியோடு கிடப்பவருக்கு அன்பான பேச்சு ஒரு கட்டத்துக்கு மேல் கேட்பதில்லை. சொல்லப்போனால், ‘இவ்வளவு நேரம் உட்கார முடிகிறவரால் ஊசியைக் கொண்டுவர முடியவில்லையா’ என்றுகூட அடுத்த இரவில் அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

முக்கால் மணி நேரமும் தேவையில்லை. கான்சாஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள்; 2012-இல் வெளியானது. அவர் சில நோயாளிகளிடம் நின்றபடி பேசினார், சிலரிடம் உட்கார்ந்து பேசினார். இரண்டிலும் செலவான நேரம் ஏறத்தாழ ஒன்றுதான், இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. ஆனால் உட்கார்ந்து பேசியவர் கூடுதல் நேரம் தங்களோடு இருந்ததாக நோயாளிகள் நினைத்தார்கள். உங்களுக்கு உட்காரும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. ஒருவரிடம் முக்கால் மணி என்பதை 14 பேரிடம் இரண்டு இரண்டு நிமிடமாகப் பிரித்துப் பாருங்கள்.

இன்னொரு நினைப்பையும் திருத்த வேண்டியிருக்கிறது. 11 வருடத்தில் ஒருவர்கூடப் புகார் சொன்னதில்லை, ஆகவே எல்லாரும் திருப்தியாகத்தான் போனார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வார்டில் இருப்பவர் நம் தயவில் இருப்பதாக நினைக்கிறார். குறை சொன்னால் அடுத்த ஊசி வலிக்கும்படி போட்டுவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே ஓடுகிற சிஸ்டரை இன்னும் ஓட வைக்கக் கூடாது என்ற இரக்கத்தில் பெல் அடிக்காதவர்களும் உண்டு. இந்த ஒருவர் வாய் திறந்திருக்கிறார், அவ்வளவுதான்.

14 பேருக்கு ஒருத்தி

இதில் உங்கள் கோபம் நியாயமானது. ஆள் குறைந்தால் செவிலியர் கையைவிட்டு முதலில் நழுவுவது எது என்று இங்கிலாந்தில் 46 மருத்துவமனைகளில் கேட்டார்கள். தங்கள் கடைசி ஷிஃப்டில் நேரமில்லாமல் விட்டுப்போன வேலைகளில் ‘நோயாளியோடு பேசுவது, ஆறுதல் சொல்வது’ என்பதைக் குறிப்பிட்டவர்கள் 66 சதவீதம். அமெரிக்காவில் லிண்டா ஐகென் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையானது: அறுவை சிகிச்சை நோயாளிகளில், ஒரு செவிலியருக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேரும் ஒவ்வொரு முறையும் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. 14 என்ற எண்ணை எழுதுவது சாக்குச் சொல்வதாகாது. அது நோயாளியின் பாதுகாப்புப் பற்றிய தகவல். எழுத்தில் பதிவாக வேண்டும்.

ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் நீங்கள் ஒளிந்துகொள்ளவும் முடியாது. அதே வார்டில், அதே எண்ணிக்கையோடு, இன்னொருவர் நேரம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். விளக்கத்தைப் படிப்பவர்களும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

விளக்கத்தை எழுதும்போது

முதலில் அந்தப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். குற்றச்சாட்டு என்ன என்று முழுதாகத் தெரிந்துகொண்டு பதில் எழுதுவதும், அதற்கு அவகாசம் கேட்பதும் உங்கள் உரிமை. சங்கமோ மூத்த செவிலியரோ இருந்தால் அனுப்பும் முன் காட்டிவிடுங்கள். பிறகு இன்சார்ஜ் அனுமதியோடு அந்த இரவுகளின் மருந்துச் சீட்டைப் பாருங்கள்: எத்தனை மணிக்கு டோஸ் போடப்பட வேண்டும், எத்தனை மணிக்குப் போடப்பட்டது. உங்கள் ஞாபகத்தைவிட அந்தத் தாள் முக்கியம். இடைவெளி இருந்தால் இருக்கட்டும். எக்காரணம் கொண்டும் கேஸ் ஷீட்டில் இப்போது ஒரு எழுத்துக்கூடச் சேர்க்காதீர்கள், திருத்தாதீர்கள். தாமதமான ஊசிக்கு விளக்கம் சொல்லிவிடலாம். பின்னால் திருத்திய பதிவு உங்கள் வேலைக்கே உலை வைத்துவிடும். அந்த மனிதரைத் தொலைபேசியில் அழைத்து ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்கவும் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி எதுவும் போட வேண்டாம். அது நோயாளியின் ரகசியம்.

விளக்கம் ஒரு பக்கத்துக்குள் இருந்தால் போதும். அவர் பட்ட வலிக்கு வருத்தம் தெரிவிப்பது வேறு, தவறை ஒப்புக்கொள்வது வேறு. முன்னதைத் தயங்காமல் எழுதுங்கள், பின்னதை மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இப்படி ஆரம்பிக்கலாம்: “அந்த இரவுகளில் அவர் பயத்தோடு காத்திருந்தார் என்பதை அறிந்து வருந்துகிறேன். வலி மருந்துக்கான நேரத்தை நான் அவருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த நாட்களில் வார்டில் 14 நோயாளிகளுக்கு நான் ஒருத்தியே பணியில் இருந்தேன். இனி ஒவ்வொரு நோயாளிக்கும் அடுத்த மருந்தின் நேரத்தைச் சொல்லி, டூட்டி மாறும்போது அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரிலும் அதைச் சேர்ப்பேன். இரவுப் பணியில் இன்னொருவரை அமர்த்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.” இளம் செவிலியரின் பெயரை எந்த இடத்திலும் இழுக்காதீர்கள். நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், நோயாளியின் பெயர் இல்லாமல்.

இனிமேல் ஆள் பற்றாக்குறையை ஷிஃப்ட் தொடங்கும்போதே எழுத்தில் தெரிவியுங்கள். புகார் வந்த பிறகு சொல்லும் எண்ணுக்கும், இரவு 8 மணிக்கே சொன்ன எண்ணுக்கும் மதிப்பு வேறு.

மாற்றல் மனுவை இரண்டு மாதம் மேசைக்குள் வையுங்கள். முதுகு வலிக்காகவோ, வீட்டுச் சூழலுக்காகவோ, இரவு டூட்டி ஒத்துக்கொள்ளாமலோ மாற்றல் கேட்டால் அதில் ஒரு குறையும் இல்லை, நானே கொடுங்கள் என்பேன். இந்தப் படிவத்துக்காக என்றால் பொறுங்கள். அந்த இரண்டு மாதத்தில் ஒரு காரியம் செய்து பாருங்கள்: ஒவ்வொரு டூட்டியின் தொடக்கத்திலும் எல்லாப் பெட்டுக்கும் போய், அடுத்த மருந்து எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். பெல் எத்தனை தடவை அடிக்கிறது என்பதை ஒரு சிறு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டையும் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.